காந்தக் குழிக்குப் பக்கத்தில் ஒரு கடப்பாரை

வாய்க்கால் வளைவில் ஸ்கூட்டர் சத்தம் கேட்டது. கையில் இருந்த திராட்சைக் கத்தரியை அப்படியே போட்டுவிட்டு ஓடினேன்.

பந்தலில் இருந்து குழி நூற்றைம்பது தப்படி இருக்கும். மழை பெய்து ஓய்ந்திருந்த மண். செருப்பு ஒட்டிக்கொண்டு வந்தது, உதறிவிட்டு ஓடினேன். குழிக்கு இரண்டு எட்டு தள்ளி என்னுடைய கடப்பாரை ஆள் மாதிரி நின்றுகொண்டிருந்தது. இரண்டு கையாலும் ஆட்டிப் பிடுங்கினேன். ஈர மண் ‘பொளக்’ என்று விட்டது. ஓட்டையைக் காலால் மூடி மிதித்தேன். கடப்பாரையைத் தூக்கிக்கொண்டு போய் வரப்புக்கு அந்தப் பக்கம் ஓடையில் போட்டு, மேலே இரண்டு தென்னை மட்டையை இழுத்து மூடினேன்.

திரும்பி வரும்போது, ஸ்கூட்டரில் வந்த அந்தப் பிள்ளை வெறுங்காலோடு வரப்பில் வந்துகொண்டிருந்தது.

“என்ன அண்ணே, இப்படி இரைக்குது? எங்கயாச்சும் ஓடி வந்தீகளா?”

“அடுத்த மழைக்கு முந்தி ஒரு சுத்து பாத்துட்டு வந்தேன்ம்மா.”

நான் சொன்ன பொய்களில் அது முதலாவது இல்லை. கடைசியும் இல்லை.

போன வாரம் இந்தப் பத்திரிகையில் கல்தூண் நட்டுத் திராட்சைப் பந்தல் போட்ட கதையை எழுதியிருந்தேன். அதைப் படித்துவிட்டு ஒரு பிள்ளை கடிதம் போட்டிருக்கிறது. ‘உங்கள் தோட்டத்தில் பூமியின் காந்தத்தை அளக்கும் மெஷின் இருந்ததாமே, அதைப் பற்றி எழுதுங்கள் மாமா’ என்று. எழுதாமல் தப்பித்துவிடலாம் என்றுதான் இத்தனை வாரமாக நினைத்திருந்தேன். கேட்டுவிட்டீர்கள். இனி எழுதத்தான் வேண்டும்.

பூமிக்கு ஊசி

எங்கள் தோட்டம் அனுமந்தன்பட்டிக்கு மேற்கே. பன்னீர் திராட்சை, கொஞ்சம் தென்னை. கடைசி மூலை மட்டும் கல்லுக்காடாகச் சும்மா கிடந்தது. பக்கத்தில் ரோடு இல்லை, கரண்ட் கம்பம் இல்லை, பந்தல் கம்பிகூட எட்டத்தில்தான். ஒன்றுக்கும் ஆகாத அந்த மூலையைத் தேடிக்கொண்டுதான் ஒரு தை மாதம் ஜெயப்பிரியா வந்தார்.

கல்லூரியில் ஆராய்ச்சி செய்கிற பிள்ளை. மதுரைப் பக்கம் ஊர். நாலைந்து தோட்டத்தில் கேட்டு முடியாது என்று சொல்லிவிட்டார்கள். நான் சரி என்றேன்.

குழி தோண்டி, அதற்குள் ஒரு சின்னப் பெட்டியை மட்டம் பார்த்து வைத்தார்கள். மேலே தென்னங்கிடுகு வேய்ந்த குட்டிக் கூரை. ஓர் ஆணி கிடையாது. எல்லாம் கயிற்றுக் கட்டு. ஐம்பது தப்படி தள்ளி இன்னொரு பெட்டியில் பேட்டரியும் கணக்கெழுதும் மெஷினும். குழிக்குள் இருக்கிற பெட்டி காந்தத்தைத் தொட்டுப் பார்க்கும். இந்தப் பெட்டி அதை எழுதி வைக்கும்.

பக்கத்துத் தோட்டத்து மொக்கச்சாமி மாமா வந்து எட்டிப் பார்த்தார்.

“என்ன மாப்ள, பூமிக்கு ஊசி போடுறாகளா? காச்சலா அதுக்கு?”

“காந்தத்த அளக்குறாக மாமா. வானத்துல ஓடுற கரண்டு இங்கன தெரியுமாம்.”

“கம்பியில்லாம கரண்டு ஓடுதா? மெல்லப் பேசு, ஈபிக்காரன் காதுல விழுந்தா அதுக்கும் மீட்டர் மாட்டிருவான்.”

ஜெயப்பிரியா குலுங்கிக் குலுங்கிச் சிரித்தது இன்னும் கண்ணில் நிற்கிறது.

கம்பியில்லாத கரண்ட்

அந்தப் பிள்ளை எனக்குச் சொன்னதை உங்களுக்குச் சொல்லிவிடுகிறேன். நான் பத்தாவது வரைதான் படித்தவன். எனக்கே புரிந்தது என்றால் உங்களுக்குக் கட்டாயம் புரியும்.

பூமி ஒரு பெரிய காந்தம். அதன் பிடி நம் தலைக்கு மேலே வெகுதூரம் வரைக்கும் நீண்டிருக்கிறது. அதற்குக் காந்த மண்டலம் என்று பெயர். சூரியனில் இருந்து ஓயாமல் ஒரு காற்று வந்துகொண்டே இருக்கிறது. நம் ஊர் ஆடிக் காற்று மாதிரி இல்லை. மின்சாரம் ஏறின பொடித் துகள்கள். அந்தக் காற்று மோதி மோதி, பகல் பக்கம் காந்த மண்டலம் அமுங்கிக் கிடக்கும். இரவுப் பக்கம் வால் மாதிரி நீண்டு கிடக்கும்.

மோதுகிற எல்லையில் மின்னோட்டம் ஓடும். வாலிலும் ஓடும். இவை தவிர, பூமியைச் சுற்றி ஒரு பெரிய வளையமாகவும் ஓடும். எதையும் கண்ணால் பார்க்க முடியாது. ஆனால் மின்சாரம் ஓடினால் பக்கத்தில் காந்தம் அசையும். அந்த அசைவைத்தான் குழிக்குள் இருக்கிற பெட்டி பிடிக்கிறது.

அமைதியான நாளில் கோடு எப்படி வரும் தெரியுமா? காலையில் மெதுவாக ஏறி, உச்சியில் உயர்ந்து, சாயந்தரம் இறங்கிவிடும். எங்கள் மேற்கு மலையைத் தோட்டத்தில் இருந்து பார்க்கிற மாதிரியே இருக்கும். அது காந்த மண்டலத்துக்கும் கீழே, நமக்கு மேலே நூறு கிலோமீட்டர் உயரத்தில், வெயில் நேரத்தில் ஓடுகிற மின்னோட்டத்தால் வருவது. காந்த நடுக்கோடு நமக்குத் தெற்கே கிட்டத்தில் போவதால், இந்தப் பக்கம் அது நன்றாகவே தெரியுமாம்.

கலங்கின நாள் வேறு. சூரியக் காற்று வேகமாக வந்து முட்டும். கோடு முதலில் திடீரென்று ஒரு குதி குதிக்கும். அதன்பிறகு அந்த வளைய மின்னோட்டம் பெருகும். அதற்கும் ஒரு காந்தம் உண்டு அல்லவா? அது பூமியின் காந்தத்துக்கு எதிர்த்து இழுக்கும். அதனால் கோடு பல மணி நேரம் கீழே கீழே இறங்கும். பிறகு நாள்கணக்கில் மெதுவாகத் தேறி வரும். காய்ச்சல் விட்ட ஆள் கஞ்சி குடித்துக் குடித்துத் தேறி வருகிற மாதிரி.

“அன்னிக்கு மேகம் இருக்குமாம்மா?” என்று கேட்டேன்.

“மழைக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்ல அண்ணே. வானம் பளிச்சுன்னு இருக்கும். நீங்க திராட்சை வெட்டிக்கிட்டு இருப்பீக. மேல பெரிய கலவரமே நடக்கும்.”

என்னிடம் ஒரு நோட்டைக் கொடுத்தார். தேதி, நேரம், குழிக்குப் பக்கத்தில் இரும்பு ஏதாவது வந்ததா என்று மூன்று கட்டம். மண்வெட்டி, சைக்கிள், டிராக்டர் எது வந்தாலும் எழுத வேண்டும். ஒன்றும் வரவில்லை என்றால் ‘அமைதி’ என்று எழுத வேண்டும்.

“கூடாதுன்னு நான் சண்டை போட மாட்டேன் அண்ணே. வந்துச்சுன்னா வந்துச்சுன்னு எழுதுங்க. அது போதும்.”

அவ்வளவுதான் என் வேலை.

மாமாவின் தென்னை

ஐப்பசி பிறந்ததும் மத்தியானத்துக்கு மேல் மேகம் திரள ஆரம்பித்தது. ஒருநாள் மூன்று மணி வாக்கில் காது அடைக்கிற மாதிரி ஓர் இடி. மொக்கச்சாமி மாமா தோட்டத்தில் ஒரு தென்னையின் கொண்டை பற்றி எரிந்தது. மழை பெய்யப் பெய்ய எரிந்தது.

அந்த மெஷின் மேல் விழுந்திருந்தால்? ஒரு பிள்ளை என்னை நம்பி விட்டுவிட்டுப் போன பொருள்.

எங்கள் பக்கம் இடி இடித்தால் கடப்பாரையை வாசலில் தூக்கிப் போடுவார்கள். இடி இரும்பைத் தேடிப் போகும், வீட்டை விட்டுவிடும் என்பது நம்பிக்கை. என் அப்பா போடுவார், நானும் போட்டிருக்கிறேன். மறுநாள் மேகம் கறுத்ததும் கடப்பாரையைக் கொண்டுபோய்க் குழிக்குப் பக்கத்தில் ஊன்றினேன். மேகம் கலைந்ததும் பிடுங்கிக்கொண்டு வந்தேன்.

பிள்ளைகளே, இடி இடிக்கும்போது தயவுசெய்து யாரும் கடப்பாரையைத் தூக்கிக்கொண்டு தோட்டத்தில் ஓடாதீர்கள். வீட்டுக்குள் இருங்கள். நான் செத்துப்போகாதது என் கெட்டிக்காரத்தனம் இல்லை.

இரும்பு கூடாது என்று எனக்குத் தெரியும். தெரிந்துதான் ஊன்றினேன். ஒரு மணி நேரம், இரண்டு மணி நேரம் நின்றால் என்ன ஆகிவிடும் என்று நினைத்தேன். சரி, நோட்டிலாவது எழுதியிருக்கலாம். எழுத உட்கார்ந்தேன். ‘இடிக்குப் பயந்து கடப்பாரை ஊன்றினேன்’ என்று எழுதினால் அந்தப் படித்த பிள்ளை சிரிக்குமே என்று வெட்கம் வந்துவிட்டது. மாமா சொன்னதற்குச் சிரித்த சிரிப்பு ஞாபகத்துக்கு வந்தது.

‘அமைதி’ என்று எழுதினேன்.

ஒருநாள் எழுதிவிட்டால் மறுநாள் கை தானாக எழுதும்.

வேலமுள்

பத்துப் பதினைந்து நாளுக்கு ஒருமுறை ஜெயப்பிரியா வருவார், பெரும்பாலும் மத்தியானத்துக்கு மேல். ஸ்கூட்டரை ரோட்டிலேயே விடுவார். சாவி, கைக்கடிகாரம், போன், பக்கிள் வைத்த செருப்பு, எல்லாம் மோட்டார் ரூம் திட்டில். அதன்பிறகுதான் குழிப்பக்கம் நடப்பார்.

அவர் வளைவில் திரும்பும்போதே எனக்குச் சத்தம் கேட்டுவிடும். கடப்பாரை நிற்கிற நாளாக இருந்தால் ஓடிப்போய்ப் பிடுங்குவேன். அவர் போனதும் மேகம் இருந்தால் மறுபடி ஊன்றுவேன். அதைத்தான் தொடக்கத்தில் சொன்னேன்.

கார்த்திகை வாக்கில் ஒருநாள் முகமெல்லாம் சிரிப்பாக வந்தார். மெஷினில் இருந்து கோட்டை எடுத்து என்னிடமும் என் மனைவி ஈஸ்வரியிடமும் காட்டினார். மலை மாதிரி ஏறி இறங்குகிற கோடு, ஒரு குதி குதித்து, பிறகு பள்ளத்தில் விழுந்த மாதிரி இறங்கியிருந்தது.

“பெரிய காந்தப் புயல் அண்ணே. எத்தனையோ ஊர்ல பதிவாயிருக்கு. நம்ம தோட்டத்துலயும் ஆயிருக்கு, பாருங்க.”

நம்ம தோட்டம் என்று அந்தப் பிள்ளை சொன்னது. எனக்கு மார்பு விரிந்துவிட்டது. என் மகள் தர்ஷினி மறுநாளே பள்ளிக்கூடத்தில் போய்ச் சொல்லிவிட்டாள். ‘எங்கப்பா வானத்துக்கு வாட்ச்மேன்’ என்று.

ஆனால் ஜெயப்பிரியா விரலை நகர்த்தி வந்து ஓரிடத்தில் நிறுத்தினார். புயல் தேறி வருகிற நாள்கள் அவை. கோட்டில் படிக்கட்டு மாதிரி ஒரு குதி. இரண்டு மணி நேரம் கழித்து ஓர் இறக்கம். மறுநாளும் அதே மாதிரி.

“இது மட்டும் புரியல. வேற எந்த ஊர்லயும் இது இல்ல. அன்னிக்கு ஏதாச்சும் வந்துச்சா அண்ணே?”

நோட்டைப் புரட்டிக் காட்டினேன். அமைதி. அமைதி.

அடுத்த தடவை வந்தபோது சிரிப்பு இல்லை. “அண்ணே, ஒண்ணு கண்டுபிடிச்சேன். நான் வர்ற நேரத்துல கோடு குதிக்குது. நான் போனதும் திரும்பக் குதிக்குது. எல்லா நாளும் இல்ல, சில நாள். என் மேலதான் ஏதோ இரும்பு இருக்கு.”

அங்கேயே நின்று ஒவ்வொன்றாகக் கழற்ற ஆரம்பித்தது அந்தப் பிள்ளை. கொண்டை ஊசி. தலைமுடிக் கிளிப். துப்பட்டாவில் குத்தியிருந்த ஊக்கு. முடி அவிழ்ந்து முகத்தில் விழுந்தது. துப்பட்டா காற்றில் பறந்தது. ஈஸ்வரி ஓடிப்போய் வேலியில் இருந்து ஒரு வேலமுள்ளை ஒடித்துவந்து துப்பட்டாவில் குத்திவிட்டாள்.

“இது இரும்பில்லைல்ல கண்ணு?”

“இல்லக்கா. சூப்பர் ஊக்கு இது.”

குழிப்பக்கம் நடந்து போனார். நின்றார். திரும்பி வந்தார். மறுபடி போனார். நான் வரப்பில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். என் முதுகுக்குப் பின்னால் ஓடையில், தென்னை மட்டைக்கு அடியில், கடப்பாரை கிடந்தது.

அவர் போன பிறகு ஈஸ்வரி என்னிடம் வந்தாள். அவளுக்கு எல்லாம் தெரியும்.

“அந்தப் புள்ள முள்ளக் குத்திக்கிட்டு நடக்குது. நீங்க மரம் மாதிரி நிக்கிறீக. ஒரு வார்த்த சொன்னா என்ன?”

“இப்பச் சொன்னா இத்தன நாளாப் பொய் சொன்னேன்னு ஆயிரும்ல.”

“ஆயிருமா? ஆயிருச்சுங்க.”

பெட்டி போன நாள்

மறு தை மாதம் குழியைத் திறந்து பெட்டியை எடுத்தார்கள். “இந்த இடத்துக் கோட்ட நம்ப முடியாதுன்னு எங்க கைடு சார் சொல்லிட்டாக அண்ணே. ஒரு வருசம் மொத்தமும் சேக்க வேணாம்னுட்டாக. என் தப்புதான். நான்தான் சரியாப் பாக்கல.”

வயரைச் சுருட்டிக் கொடுத்தேன். பெட்டியைத் தூக்கி வண்டியில் வைத்தேன். வாய் திறந்திருக்க வேண்டிய இடம் அது. நான் என்ன செய்தேன் தெரியுமா? ஒரு பெட்டி திராட்சையைக் கொண்டுவந்து வண்டியில் வைத்து, “வீட்டுல குடும்மா, நல்லா இனிக்கும்” என்றேன்.

அந்தப் பிள்ளை நன்றி சொல்லிவிட்டுப் போனது.

இரண்டு மூன்று வாரம் கழித்து, எப்போது என்ன மருந்து அடித்தேன் என்று பார்க்கத் திராட்சை நோட்டை எடுத்தேன். மேகமும் ஈரமும் இருந்தால் திராட்சை இலையில் நோய் விழும். அதனால் அந்த நோட்டில் எல்லாம் எழுதி வைப்பேன். ‘2.40 மேகம். 3.15 இடி, மழை. 4.30 வெளுத்தது.’ பக்கம் பக்கமாக.

திராட்சைக்கு நான் ஒருநாளும் பொய் எழுதியதில்லை.

மேகம் வந்த நேரம்தான் கடப்பாரை ஊன்றிய நேரம். வெளுத்த நேரம்தான் பிடுங்கிய நேரம். அத்தனையும் அந்த நோட்டில் இருந்தது. எல்லாப் பக்கத்தையும் போனில் படம் எடுத்து அனுப்பிவிட்டு ஜெயப்பிரியாவைக் கூப்பிட்டேன். கடப்பாரை விஷயத்தைச் சொன்னேன்.

அந்தப் பிள்ளை பதில் சொல்வதற்குள் நான் அவசரமாக, “தெரியாமச் செஞ்சிட்டேன்ம்மா” என்றேன்.

“அண்ணே...” குரல் உடைந்தது. “தெரியாமச் செஞ்சதுக்கு என்ன அண்ணே. இந்த நேரமெல்லாம் வெட்டி எடுத்துட்டா மிச்சக் கோடு முழுசும் சுத்தம். எனக்கு ஒரு வருசத்தத் திருப்பித் தந்துட்டீக!”

ஸ்கூட்டர் சத்தம் கேட்டு ஓடியதை நான் சொல்லவில்லை. சொன்னால் ‘தெரியாமல்’ என்ற வார்த்தை நிற்காது.

சுவரில் தொங்குவது

அவருடைய ஆராய்ச்சி புத்தகமாக எங்கள் வீட்டுக்கு வந்தது. எல்லாம் இங்கிலீஷ். தர்ஷினிதான் எழுத்துக் கூட்டிப் படித்துச் சொன்னாள். நன்றிப் பக்கத்தில் என் பெயர் இருந்தது. கவனமாகவும் நேர்மையாகவும் குறிப்பு எழுதி உதவியதற்காக, என்று. அவள் அந்தப் பக்கத்தை ஜெராக்ஸ் எடுத்து, கண்ணாடி போட்டு, டிவிக்கு மேலே மாட்டிவிட்டாள். வருகிறவர்களுக்கெல்லாம் காட்டுவாள். மொக்கச்சாமி மாமாகூட வந்து பார்த்துவிட்டு, “பரவால்லயே மாப்ள, எதுல பேர் வாங்குனயோ இல்லயோ நேர்மைல வாங்கிட்ட” என்றார். நான் தண்ணீர் குடிக்கப் போகிற மாதிரி உள்ளே போய்விட்டேன்.

புத்தகத்தில் இன்னோர் இடமும் இருந்தது. பக்கத்தின் அடியில், பொடி எழுத்தில். ஆய்வாளர் நேரில் சென்ற சில நாள்களில் கோட்டில் தெரியும் குதிகள், ஆய்வாளர் தம்மோடு எடுத்துச் சென்ற ஏதோ உலோகத்தால் ஏற்பட்ட அவருடைய சொந்தத் தவறு, என்று.

“அந்த அக்கா அவ்வளவு கவனமா இருந்தும் எப்படிப்பா?” என்று தர்ஷினி கேட்டாள்.

“தெரியலம்மா” என்றேன்.

கடிதம் போட்ட பிள்ளையே, இதுதான் எங்கள் தோட்டத்து மெஷினின் கதை. வானத்தில் ஓடுகிற மின்னோட்டம் நமக்கு எதையும் மறைப்பதில்லை. அமைதியான நாளை அமைதி என்று காட்டுகிறது, கலங்கின நாளைக் கலங்கியது என்று காட்டுகிறது. நடுவில் நின்று மறைத்தவன் நான்.

இதை எழுதி முடித்ததும் தர்ஷினியிடம் வாசிக்கக் கொடுத்தேன். மாவு அரைத்த கையோடு ஈஸ்வரி கதவோரம் நின்றாள். தர்ஷினி முழுக்க வாசித்தாள். என் முகத்தைப் பார்க்கவில்லை.

“அந்த அக்காவுக்கு அனுப்புனியாப்பா?”

“இல்ல.”

“பத்திரிகைல வந்தப்புறமா அவங்க படிக்கணும்?”

அவள் கண் முன்னாலேயே ஒவ்வொரு தாளையும் படம் எடுத்து ஜெயப்பிரியாவுக்கு அனுப்பினேன். இரண்டு நீலக் குறி வந்தது. அன்று முழுக்கப் பதில் இல்லை. தர்ஷினியும் என்னோடு பேசவில்லை.

மறுநாள் காலை பந்தலில் நிற்கும்போது பதில் வந்தது. திட்டு இல்லை. பரவாயில்லை என்றும் இல்லை.

‘அண்ணே, படிச்சேன். நான் வந்த நாள்கள்ல எத்தனை மணிக்குப் பிடுங்கினீங்க, எத்தனை மணிக்குத் திரும்ப ஊன்றினீங்க? அடிக்குறிப்பைத் திருத்தணும். உறுதியாத் தெரிஞ்சதை மட்டும் எழுதி அனுப்புங்க. தோராயமா வேண்டாம்.’

வீட்டுக்கு வந்து ஒரு தாளில் கட்டம் போட்டேன். தேதி, பிடுங்கிய நேரம், ஊன்றிய நேரம். தேதிகளை எழுதிவிட்டேன், அவர் வந்த நாள்கள் அந்த அடிக்குறிப்பிலேயே இருந்தன. அடுத்த கட்டத்துக்கு வந்ததும் திராட்சை நோட்டைப் புரட்டினேன். அதில் மேகம் இருந்தது, இடி இருந்தது. நான் ஓடிய நேரம் இல்லை. எந்த நோட்டிலும் இல்லை.

ஸ்கூட்டர் சத்தம் மட்டும் காதில் கேட்டது.

‘தெரியாது’ என்று எழுதினேன். அதற்கு அடுத்த வரியிலும், அதற்கு அடுத்ததிலும்.